நோவு தணிக்கும் குளிசை

தலையிடி, பல்வலி, இடுப்புப் பிடிப்பு, முழங்கால் நோவு என்பவற்றுக்காக வைத்தியரை நாடிச் செல்வோர் இன்று மிகச் சிலரே. கடையில் இரண்டு குளிசை வாங்கி, ஒரு மிடறு தண்ணீரோடு விழுங்கிவிட்டுத் தத்தம் வேலையைப் பார்ப்பதே உலக வழக்காகிவிட்டது. இவ்வழக்கம் மிகப் பழையதன்று. அதன் வரலாறு ஒரு மரப்பட்டையோடு தொடங்குகிறது.

இங்கிலாந்தில் ஒக்ஸ்போட் நகருக்கு அணித்தான சிப்பிங் நோட்டன் என்னும் ஊரிலே எட்வேட் ஸ்ரோன் என்ற பாதிரியார் ஒருவர் வாழ்ந்தார். அவர் ஒருநாள் வில்லோ மரத்தின் பட்டையைத் தற்செயலாகச் சுவைத்துப் பார்த்தார். அதன் கடுங் கைப்பு அவருக்குச் சிங்கோனாப் பட்டையை நினைவூட்டிற்று. குளிர்காய்ச்சலுக்கு அக்காலத்திலே தென்னமெரிக்காவிலிருந்து வந்த சிங்கோனாவே கைகண்ட மருந்து. அதன் விலையோ ஏழைகளுக்கு எட்டாதது. வில்லோ ஈரநிலத்தில் வளர்வது. குளிர்காய்ச்சலும் ஈரநிலத்தாரையே பெரிதும் வருத்துவது. நோய் பிறக்கும் இடத்திலேயே அதற்கான மருந்தும் இருக்கும் என்பது பாதிரியாரின் நம்பிக்கை. காரணம் பிழையாயினும் கண்ட பயன் மெய்யாயிற்று. வைத்திய வரலாற்றிலே இத்தகைய நற்பேறுகள் வேறும் உண்டு. பாண் சுடும் போறணையின் புறத்தே அப்பட்டையை மூன்று மாதங்களுக்கு மேலாக உலர்த்தி, இடித்துத் தூளாக்கி, ஏறக்குறைய 50 பேருக்குக் கொடுத்துப் பார்த்த பின்னரே, 1763 ஆம் ஆண்டில் அவர் இலண்டன் றோயல் கழகத்துக்குக் கடிதம் எழுதினார்.

அதன்பின் இரசாயனவியலார் அப்பட்டையைத் தம் கையில் எடுத்தனர். 1828 இல் மியூனிக் நகரிலே அதன் கைப்புச் சத்துப் பிரித்தெடுக்கப்பட்டது. அதிலிருந்து சலிசிலிக் அமிலம் பெறப்பட்டது. சில பத்தாண்டுகளுள் மரத்தின் உதவியின்றித் தொழிற்சாலையிலேயே அவ்வமிலத்தை ஆக்கினர். மூட்டுவாதத்தின் வீக்கத்தை அது வற்றச் செய்தது. ஆனால் வாயையும் வயிற்றையும் எரித்தது. 1897 இல் ஜேர்மனியின் பேயர் கம்பனியைச் சேர்ந்த பெலிக்ஸ் ஹொவ்மன் அதனைச் சற்றே மாற்றித் தூய அசற்றைல் சலிசிலிக் அமிலமாக ஆக்கினார். வாதத்தால் வருந்திய தம் தந்தைக்காகவே அவர் அதனைச் செய்தார் என்பது வழங்கிவரும் கதை. நாற்சி வதைமுகாமிலிருந்து உயிர் தப்பிய ஆதர் ஐக்கன்குறூன் என்ற யூத இரசாயனவியலாரோ, தமது நெறிப்படுத்தலிலேயே அது நிகழ்ந்ததென 1949 இல் எழுதினார். இவ்வழக்கு இன்னும் முற்றாகத் தீரவில்லை. 1899 இல் அம்மருந்து ‘அஸ்பிரின்’ என்னும் பெயர் பெற்றது.

இரைப்பைக்கு இதமானது என்று போற்றப்பட்ட அஸ்பிரினை 1938 இல் இலண்டன் வைத்தியர் இருவர் சோதித்தனர். குழாய்க் கருவியொன்றை உள்ளே செலுத்தி நோயாளரின் இரைப்பையை நேரே நோக்கியபோது, குளிசை பட்ட இடம் சிவந்திருந்ததையும் சிலரிலே குருதி கசிந்ததையும் கண்டனர். வீட்டுக்கு வீடு வழங்கிய மருந்து பற்றிய செய்தி இது. ஆயினும் பழக்கம் குறையவில்லை.

இரைப்பையைப் புண்படுத்தாத மாற்று மருந்தொன்றைத் தேடியவருள் முதன்மையானவர் நொட்டிங்காம் நகரின் பூட்ஸ் கம்பனியிற் பணியாற்றிய ஸ்ருவட் அடம்ஸ். இரசாயனவியலார் ஜோன் நிக்கல்சனோடு சேர்ந்து 600 இற்கு மேற்பட்ட சேர்வைகளைச் சோதித்துக் கழித்து, இறுதியில் அவர் இபுபுரோபனைக் கண்டடைந்தார். முன்னிரவு அருந்திய மதுவால் தலையிடியோடு விழித்து, மேடையிற் பேசவேண்டிய ஒரு காலையில், அதில் 600 மில்லிகிராமைத் தாமே விழுங்கிப் பார்த்ததாகப் பிற்காலத்தில் அவர் நகைச்சுவையோடு கூறினார். 1969 இல் வைத்தியரின் சீட்டோடு மாத்திரம் விற்கப்பட்ட அம்மருந்து, 1983 இல் பிரித்தானியாவிலும் 1984 இல் அமெரிக்காவிலும் சீட்டின்றியே கிடைக்கலாயிற்று. இவ்வாறு விற்கப்படும் குளிசை 200 மில்லிகிராம். வைத்தியரின் சொல்லின்றி ஒரு நாளில் வளர்ந்தோர் 1200 மில்லிகிராமுக்கு மேல் உட்கொள்ளலாகாது. ஆம், அதுவரை வைத்தியரிடம் இருந்த தீர்ப்பு அன்றே வீட்டாரின் கைக்கு மாறியது. அவர்களிற் பலர் பெட்டியின் மேலுள்ள சிற்றெழுத்தை வாசிப்பதில்லை.

நோவைத் தணிக்கும் குளிசை இரைப்பையை ஏன் புண்படுத்துகிறது என்னும் வினாவுக்கு 1971 இல் ஜோன் வேன் என்ற ஆங்கில விஞ்ஞானி விடை கண்டார். காயம் பட்ட இடத்திலே வீக்கத்தையும் நோவையும் எழுப்பும் புரொஸ்ரகிளாண்டின் என்னும் பொருட்கள் உண்டாவதை இம்மருந்துகள் தடுக்கின்றன. அதே இனப் பொருட்களே இரைப்பையின் உட்சுவரை அமிலத்திலிருந்து காப்பவை. சிறுநீரகத்துக்குக் குருதி குன்றாது பாய உதவுபவை. ஆகவே நன்மையும் தீமையும் ஒரே செயலின் இருபக்கங்களாயின. 1982 இல் அவருக்கு நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. இவ்விரண்டையும் பிரித்துவிடலாம் என்ற நம்பிக்கையோடு 1999 இல் றொபெகொக்சிப் என்ற மருந்து வெளிவந்தது. அது இரைப்பையை ஓரளவு காத்ததெனினும் மாரடைப்பை மிகுவித்தது. 2004 இல் உலகச் சந்தையிலிருந்தே மீளப் பெறப்பட்டது.

இலங்கையரைப் பொறுத்தவரை இவ்வரலாற்றில் இன்னுமோர் ஏடு உண்டு. டெங்குக் காய்ச்சல் தலையிடியோடும் கண்ணின் பின்புற நோவோடும் உடலுளைவோடும் தொடங்குவது. பழகிய கை உடனே பழகிய குளிசையை நாடும். அந்நோயிலோ குருதிச் சிறுதட்டுகள் குறைகின்றன. அவற்றின் தொழிலை அஸ்பிரினும் இபுபுரோபனும் மேலும் தளர்த்துவதால் குருதிப்பெருக்குக்கு வழி உண்டாகிறது. காய்ச்சலுக்கென்று பாதிரியார் ஒருவர் கண்ட பட்டையின் வழிவந்த மருந்து இக்காய்ச்சலுக்கு ஆகாததாயிற்று. 2017 ஆம் ஆண்டிலே 186,000 பேருக்கு மேல் நாட்டில் டெங்குவாற் பீடிக்கப்பட்டனர். டெங்கு என்று ஐயுறும் காய்ச்சலில் பரசிற்றமோலை மாத்திரம் உரிய அளவிற் கொடுக்கவேண்டும் என்றும், அஸ்பிரின், இபுபுரோபன், டைக்குளோபினக் ஆகியவற்றை அறவே தவிர்க்கவேண்டும் என்றும் வைத்தியர்கள் வற்புறுத்தி வருகின்றனர்.