வாங்கிய காரை ஏன் மாற்றுகிறார்கள்?

ஒரு மோட்டார்க் கார் தொழிற்சாலையை விட்டு வெளியே வருவதற்குள் எத்தனையோ பொறியியல் வல்லுநர்கள் அதற்காக உழைத்திருக்கிறார்கள். சக்கரம் எவ்வளவு அகலம் இருக்கவேண்டும், ஸ்பிரிங் எவ்வளவு விறைப்பாக இருக்கவேண்டும், எஞ்சினுக்குள் காற்றும் பெட்ரோலும் எந்த விகிதத்தில் கலக்கவேண்டும் என்பவற்றையெல்லாம் கணக்கிட்டுச் சோதித்துத் திருத்திய பிறகே வண்டி விற்பனைக்கு வருகிறது. அப்படி வந்த வண்டியை, அதிலும் விரைவுக்கென்றே அமைந்த ஸ்போர்ட்ஸ் காரை, கைநிறையப் பணம் கொடுத்து வாங்கிய ஒருவர் வீட்டுக்குக் கொண்டுவந்ததும் என்ன செய்கிறார்? எஞ்சினைத் திறக்கிறார், கார்புரேட்டரை மாற்றுகிறார், புகைக்குழாயைக் கழற்றுகிறார், பின்னிருக்கையை எடுத்து ஒரு மூலையில் போடுகிறார். வல்லுநர் பலர் கூடிச் செய்ததை ஒருவர் தனியே இருந்து ஏன் கலைக்கவேண்டும்?

இதை ஆடம்பரம் என்பர் சிலர். வேகப் பித்து என்பர் வேறு சிலர். இரண்டிலும் உண்மை இல்லாமற் போகவில்லை. ஆயினும் இப்பழக்கத்தின் வரலாற்றை ஆராய்ந்து பார்த்தால், அதன் வேர் செல்வச் செருக்கில் இல்லை, பெரும்பாலும் பணமுடையில்தான் இருக்கிறது என்பது தெரியவரும். அந்த வரலாற்றில் சில பகுதிகளை இன்று தங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் இங்கிலாந்துக்குச் செல்வோம். 1921ஆம் ஆண்டு அந்நாட்டு அரசாங்கம் கார்களின் மீது ஒரு புதுவகை வரியை விதித்தது. ஒரு குதிரைச் சக்திக்கு ஒரு பவுன் வரி. ஆனால் அந்தக் குதிரைச் சக்தி எஞ்சின் உண்மையில் தருகிற சக்தி அன்று. சிலிண்டர்கள் எத்தனை, அவற்றின் குறுக்களவு எவ்வளவு என்பதை மட்டும் கொண்டு ஒரு வாய்பாட்டினால் கணக்கிட்டது. ஆகவே இங்கிலாந்துத் தொழிற்சாலைகள் ஒடுங்கிய சிலிண்டர்களை உடைய சிறு எஞ்சின்களைச் செய்யத் தலைப்பட்டன. அடுத்த ஆண்டே, 1922இல், ஹெர்பர்ட் ஆஸ்டின் என்பவர் ‘ஆஸ்டின் செவன்’ என்ற சிறு காரை வெளியிட்டார். ‘செவன்’ என்ற பெயரே வரிக் கணக்கில் வரும் ஏழு குதிரைச் சக்தியைக் குறிப்பதாகும். 1939 வரையில் ஏறத்தாழ 2,90,000 வண்டிகள் செய்யப்பட்டன. அதுவரை மோட்டார் சைக்கிளோடு நின்றுவிட்ட நடுத்தரக் குடும்பங்கள் அதனால் காரில் ஏறின.

இச்சிறு வண்டி பந்தயத்துக்கென்று பிறந்ததன்று. ஆனாலும் பிற்காலத்துப் பந்தயக் கார் நிபுணர் பலருக்கு இதுவே பள்ளிக்கூடமாக அமைந்தது. காரணம் எளிது. பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஓடியபின் மேற்கூடு துருப்பிடித்து உளுத்துப்போகும். அடிச்சட்டமும் எஞ்சினும் மட்டும் பிழைத்திருக்கும். அத்தகைய வண்டியை மிகக் குறைந்த விலைக்கு வாங்கலாம். மேற்கூட்டை அகற்றிவிட்டு மெல்லிய அலுமினியத் தகட்டால் ஒரு கூட்டை அமைத்துவிட்டால், ஏழை இளைஞனுக்கும் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் கிடைத்துவிடும்.

இதில் ஒரு பௌதிக உண்மையும் அடங்கியிருக்கிறது. எஞ்சினின் சக்தியைக் கூட்டினால் வண்டி விரைவாகப் புறப்படும். ஆனால் வளைவிலே திரும்புவதற்கும் பிரேக் போட்டு நிற்பதற்கும் அது உதவாது. பாரத்தைக் குறைத்தாலோ, புறப்படுதல், திரும்புதல், நிற்றல் ஆகிய மூன்றும் ஒருசேர நலம் பெறும். சக்தியைக் கூட்டப் பணம் வேண்டும். பாரத்தைக் குறைக்க ஓர் அரமும் வாளும் பொறுமையும் போதும்.

1948ஆம் ஆண்டு லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியில் பொறியியல் பயின்றுகொண்டிருந்த காலின் சாப்மன் என்ற மாணவர் இவ்வழியில் இறங்கினார். அவர் பழைய கார்களை வாங்கி விற்றுச் சிறிது பொருள் ஈட்டி வந்தவர். 1947ஆம் ஆண்டின் இறுதியில் சொந்த உபயோகத்துக்கான பெட்ரோல் பங்கீட்டை அரசாங்கம் நிறுத்திவிடவே, அந்த வியாபாரம் படுத்துவிட்டது. விலைபோகாமல் நின்ற ஆஸ்டின் செவன் ஒன்றை, பின்னாளில் தம் மனைவியான ஹேசல் என்ற பெண்ணின் பெற்றோர் வீட்டுக் கொட்டகையில் வைத்துப் பிரித்துப் புதிதாக அமைத்தார். அதுவே முதல் ‘லோட்டஸ்’. விற்க முடியாத சரக்கே ஒரு பெருந்தொழிலுக்கு வித்தாயிற்று.

மாற்றியமைப்பவர்களின் அறிவைத் தூண்டியது பந்தய விதி. ஆஸ்டின் செவன் உரிமையாளர்களுக்கென 1939இல் தொடங்கப்பெற்ற ‘750 மோட்டார் கிளப்’ என்ற சங்கம், போருக்குப் பின் சிக்கனமான பந்தயம் ஒன்றை வகுத்தது. எல்லோருக்கும் அதே ஆஸ்டின் எஞ்சின், அதே அடிச்சட்டம். வெற்றி தோல்வியை உடையவனின் கைத்திறனே முடிவு செய்யவேண்டும் என்பது அதன் நோக்கம்.

அந்த எஞ்சினில் நான்கு சிலிண்டர்கள் உண்டு. ஆனால் பெட்ரோல் கலந்த காற்று உள்ளே செல்ல இரண்டே வழிகள். இரண்டு சிலிண்டர்களுக்கு ஒரு வழி. அடுத்தடுத்து நிற்கும் இரண்டு வீட்டார் ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தால் ஒருவர் குடம் நிரம்பும்போது மற்றவர் குடம் குறையுமன்றோ? அதே குறை இங்கும் இருந்தது. சாப்மன் 1951இல் அமைத்த காரில், அந்த வழிகளுக்குள் நடுவே தடுப்பு வைத்து, ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிவழி உண்டாக்கினார். போட்டியாளர்கள் அவரை நெருங்க முடியவில்லை. முடிவில் விதியைத் திருத்தி அந்த உபாயத்தைத் தடைசெய்தார்கள். தொழிற்சாலை ஏறத்தாழ மூன்று லட்சம் முறை செய்து விற்ற எஞ்சினில் மறைந்திருந்த ஆற்றலை இருபத்து மூன்று வயது இளைஞர் ஒருவர் கொட்டகையில் இருந்தவாறே வெளிக்கொணர்ந்தார். அவர் 1952இல் தொடங்கிய நிறுவனத்தின் பந்தய அணி, பிற்காலத்தில் ஏழு முறை உலகப் பந்தயக் கார்த் தயாரிப்பாளர் பட்டத்தைப் பெற்றது.

அப்படியானால் தொழிற்சாலையின் வல்லுநர்கள் அறியாதவர்களா என்று தாங்கள் கேட்கலாம். அறியாதவர்கள் அல்லர். அவர்களுடைய கடமை வேறு. ஒரே வண்டி குளிர்நாட்டிலும் வெப்பநாட்டிலும் ஓடவேண்டும், கவனமுள்ளவனிடமும் கவனமற்றவனிடமும் உழைக்கவேண்டும், நல்ல பெட்ரோலையும் மட்டப் பெட்ரோலையும் ஏற்கவேண்டும், விலையும் எட்டவேண்டும். ஆகையால் ஒவ்வொரு பகுதியிலும் சற்றே விட்டுக்கொடுத்துத்தான் செய்கிறார்கள்.

போர்க்காலத்திலும் அதன் பின்னரும், 1953 வரையில், இங்கிலாந்தில் விற்கப்பட்ட பெட்ரோல் எல்லா நிறுவனத்தாருக்கும் பொதுவான மட்டரகப் பெட்ரோல். எஞ்சினுக்குள் காற்றை மிகுதியாக அழுத்தினால் அது காலத்துக்கு முன்பே வெடித்துத் தட்டும். அதற்கேற்பவே எஞ்சின்களைத் தாழ்ந்த அழுத்தத்தோடு அமைத்தார்கள். நல்ல பெட்ரோல் வந்தபிறகு, சிலிண்டரின் மேல்மூடியைச் சிறிதளவு இழைத்துவிட்டாலே கூடுதல் சக்தி கிடைத்தது. ஆபிங்டன் நகரில் எம்.ஜி. கார்களைச் செய்த தொழிற்சாலையே, இதனை இதனைப் படிப்படியாகச் செய்யலாம் என்று தன் வாடிக்கைக்காரர்களுக்குச் சிறுநூல் ஒன்றை அச்சிட்டுத் தந்தது. பொதுவுக்குத் தைத்த சட்டையை உடலுக்கு ஏற்றபடி பிடித்துத் தைப்பது போன்றது இவ்வேலை.

உடையவர்கள் கற்ற பாடம் தொழிற்சாலைக்கே திரும்பிச் சென்றதும் உண்டு. 1959இல் வெளிவந்த ‘மினி’ காரை அமைத்த அலெக் இசிகோனிஸ், தம் இளமையில் நண்பர் ஒருவரோடு சேர்ந்து ஆஸ்டின் செவன் பாகங்களைக் கொண்டு இலேசான பந்தய வண்டி ஒன்றைப் பல ஆண்டுகள் உழைத்துக் கையாலேயே செய்தவர். அவரே மினியை எளிய மக்களுக்கான வண்டியாக மட்டும் கருதினார். பந்தயக் கார் செய்யும் ஜான் கூப்பர் அதில் வேறொன்றைக் கண்டார். 848 கன சென்டிமீட்டர் எஞ்சினை 997 ஆக்கி, இரண்டு கார்புரேட்டர் பொருத்தி, முன்சக்கரங்களுக்கு வட்டத்தகட்டு பிரேக்குகளை அமைத்தார். 34 குதிரைச் சக்தி 55 ஆயிற்று. இவ்வாறு 1961இல் வந்த மினி கூப்பரின் வழிவந்த வண்டிகள் 1964, 1965, 1967 ஆகிய ஆண்டுகளில் மான்டி கார்லோ பந்தயத்தில் வென்றன. சக்தியைக் கூட்டியவர் பிரேக்கை மறக்கவில்லை என்பதைத் தாங்கள் கவனிக்கவேண்டும்.

இனி அமெரிக்காவின் மேற்குக் கரைக்கு வருவோம். அங்கே இப்பழக்கத்துக்குத் துணைசெய்தது நிலம். கலிபோர்னியாவில் மியூராக் போன்ற வறண்ட ஏரிகள் கண்ணுக்கெட்டிய தூரம் பலகைபோல் சமமாகக் கிடக்கின்றன. 1920களிலும் 1930களிலும் இளைஞர்கள் பழைய ஃபோர்டு கார்களை அங்கே கொண்டுசென்று எவ்வளவு விரைவாக ஓட்டலாம் என்று சோதித்தார்கள். வேகம் இருமடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். ஆகவே மேற்கூரை, சேறு தடுக்கும் தகடுகள் முதலியவற்றையெல்லாம் கழற்றினார்கள். 1932இல் ஃபோர்டு நிறுவனம் எட்டு சிலிண்டர் எஞ்சினை எளிய விலையில் தந்தபோது அவர்களுக்குப் புதையல் கிடைத்தாற்போல் ஆயிற்று.

ஆனால் ஏரிக்குச் செல்லாதவர்கள் தெருவிலே ஓட்டினார்கள். விபத்துகள் நேர்ந்தன, பொதுமக்களின் வெறுப்பும் வளர்ந்தது. அந்த இளைஞர்களில் பொறுப்புடையோர் 1937இல் தங்கள் சிறு சங்கங்களை ஒன்றுகூட்டித் தென் கலிபோர்னியா நேரக்கணிப்புச் சங்கத்தை அமைத்தார்கள். முறையாக நேரம் குறித்தார்கள். ஓடுவதற்கு முன் வண்டியைப் பரிசோதித்தார்கள். 1951இல் அமெரிக்கா முழுமைக்கும் இத்தகைய ஓட்டக்காரர் சங்கம் ஒன்று தோன்றியது. தெருவிலிருந்து ஓடுதளத்துக்கு இளைஞர்களைக் கொண்டுசெல்வதே அதன் தலையாய நோக்கம். தண்டனை சாதிக்காததை, ஓர் இடமும் ஒரு கடிகாரமும் நான்கு விதிகளும் பெரிதும் சாதித்தன.

நம் நாட்டிலும் இவ்வரலாற்றின் கிளை ஒன்று உண்டு. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளம் ஒன்று இருந்தது. 1953இல் தோன்றிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பந்தயங்களை நடத்தியது. வெளிநாட்டுக் கார்களை இறக்குமதி செய்வது அரிதாயிருந்த காலம் அது. ஃபியட், ஹெரால்டு முதலிய குடும்ப வண்டிகளையே நம்மவர்கள் பிரித்துப் பந்தயத்துக்கேற்பத் திருத்தினார்கள். கோயம்புத்தூரைச் சேர்ந்த கரிவரதன் அவ்வழி வந்தவருள் தலைசிறந்தவர். மாருதி 800 காரின் சிறு எஞ்சினைக் கொண்டு, குறைந்த செலவில் ஒற்றை இருக்கைப் பந்தய வண்டியை 1980களின் இறுதியில் அவர் அமைத்தார். புதிய ஓட்டுநர் பலர் அவ்வண்டிகளிலே பயின்றார்கள். 1995இல் விமான விபத்தொன்றில் அவர் மறைந்தார். கோவைக்கருகே செட்டிப்பாளையத்தில் உள்ள பந்தயத் தளம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஆஸ்டின் செவனுக்கு இங்கிலாந்தில் நேர்ந்தது மாருதிக்கு நம் மண்ணில் நேர்ந்தது என்றே நான் கருதுகிறேன்.

இன்று நிலைமை மாறியிருக்கிறது. எஞ்சினை இப்போது ஒரு சிறு கணினி ஆள்கிறது. அரத்தைப் பிடித்த கை அக்கணினியின் எண்களைத் திருத்துகிறது. நம் நாட்டில் 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், பதிவில் உள்ள அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றுவதை, சில விலக்குகள் நீங்கலாக, அனுமதிப்பதில்லை. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதனை வலியுறுத்திற்று. இதைக் குறைகூற எனக்கு மனமில்லை. சாலை எல்லோருக்கும் உரியது. பள்ளிக்குச் செல்லும் குழந்தையும் சைக்கிளில் செல்லும் தொழிலாளியும் பிறர் ஆர்வத்துக்கு விலை கொடுக்கக் கூடாது. புகைக்குழாயைத் திறந்துவிட்டு ஊரை எழுப்புவது பொறியியலும் ஆகாது; சக்தியைக் கூட்டிவிட்டுப் பழைய பிரேக்கையே நம்புவது பேதைமை.

ஆயினும் தடையோடு நின்றுவிட்டால் நாம் இழப்பது ஒன்று உண்டு. ஒரு பொருளை வாங்குவதால் அதன் உரிமை மட்டுமே வருகிறது. அதைப் பிரித்து, அதன் குறை எங்கே என்று கண்டு, தன் அறிவால் திருத்தும்போதுதான் அது முழுவதும் தன்னுடையதாகிறது. பணமுடையும், பந்தய விதியும், நண்பர்களின் போட்டியும் புறக்காரணங்கள். இவ்வாறு அறிந்து உடைமையாக்கும் ஆசையே அகக்காரணம் என்பது என் முடிவு. சாப்மனையும் கூப்பரையும் கரிவரதனையும் உருவாக்கியது அவ்வாசையே.

ஆகவே நம் பொறியியல் கல்லூரிகளும் மோட்டார்ச் சங்கங்களும் பரிசோதனையோடும் பாதுகாப்போடும் கூடிய களங்களை மேலும் பல இளைஞருக்குத் திறந்துவிடவேண்டும். செலவு மிகுந்த கார்கள் அதற்குத் தேவையில்லை. பழைய வண்டி ஒன்று, கருவிகள் சில, சொல்லித்தர ஓர் ஆசிரியர், ஓட்டிப் பார்க்கச் சாலையல்லாத ஓர் இடம் ஆகிய இவை இருந்தாலே போதும்.