புழுங்கலரிசி காத்த உயிர்கள்

கீட்டோ, பேலியோ, பழச்சாறு மட்டும் குடிக்கும் 'டீடாக்ஸ்', பிறகு 'சாத்விக' உணவு. ஆளுக்கொரு முறையைத் தூக்கிக்கொண்டு அலைகிறார்கள். எது உடம்புக்கு நல்லது என்ற கேள்விக்குள் எது உயர்ந்தது என்ற கேள்வி நுழைந்துவிட்டால் என்ன நடக்கும்? வெள்ளை அரிசியின் வரலாறு அதற்குப் பதில் சொல்கிறது.

ஜப்பானில் எடோ நகரம், அதாவது இன்றைய டோக்கியோ. தவிடு நீக்கிய வெள்ளைச் சோறு அங்கே செல்வர்களுக்கும் சாமுராய்களுக்கும் அந்தஸ்தின் அடையாளம். பார்லியும் சிறுதானியமும் ஏழைகளுக்கு. ஆனால் கால் வீங்கி, மரத்துப்போய், இதயம் நின்று செத்தவர்கள் அந்த நகரத்தில்தான் அதிகம். 'எடோ நோய்' என்றே அதற்குப் பெயர் வந்தது. அதுதான் பெரிபெரி.

1882-83இல் ரியூஜோ என்ற போர்க்கப்பலில் சென்ற 376 பேரில் 169 பேருக்கு பெரிபெரி வந்தது. 25 பேர் இறந்தார்கள். கடற்படை மருத்துவர் தகாகி கனேஹிரோ 1884இல் அதே பாதையில் இன்னொரு கப்பலை உணவை மாற்றி அனுப்பினார். பெரிபெரியால் ஒருவரும் சாகவில்லை. தரைப்படை மருத்துவத் தலைமை அதை ஏற்கவில்லை. பார்லி சிறைக் கைதிகளின் உணவு என்ற இளக்காரமும் சேர்ந்துகொண்டது. 1904-05 ரஷ்யப் போரில் சுமார் 27,000 படைவீரர்களை பெரிபெரி கொன்றது.

இனி நம் கதைக்கு வருவோம். மலாயாவுக்குக் கூலிகளாகக் கொண்டுபோகப்பட்ட தமிழர்களில் கணிசமானோர் ஒடுக்கப்பட்ட சாதியினர். மலேரியாவும் வயிற்றுப்போக்கும் தோட்டங்களில் அவர்களைக் கொத்துக்கொத்தாகக் கொன்றன. ஆனால் ஈயச் சுரங்கங்களில் சீனத் தொழிலாளர்களைச் சாய்த்த பெரிபெரி மட்டும் தமிழர்களை அதிகம் தொடவில்லை. காரணம் தட்டில் இருந்தது. சீனர்கள் தின்றது ஆலையில் தீட்டிய வெள்ளைப் பச்சரிசி. நம்மவர்கள் தின்றது புழுங்கலரிசி.

1905 இறுதியில் கோலாலம்பூர் மனநலக் காப்பகத்தில் வில்லியம் ஃபிளெட்சர் என்ற மருத்துவர் இதைச் சோதித்தார். வெள்ளைப் பச்சரிசி கொடுக்கப்பட்ட 120 பேரில் 18 பேர் பெரிபெரியால் இறந்தார்கள். புழுங்கலரிசி தின்ற 123 பேரில் அந்த நோயால் ஒருவர்கூடச் சாகவில்லை. அந்தக் காப்பகத்து மனிதர்களிடம் யாரும் சம்மதம் கேட்டிருக்கமாட்டார்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் உள்ள தயமின் என்ற வைட்டமின் பி1 அரிசிக்குள் இறங்குகிறது. பிறகு தீட்டினாலும் ஒரு பங்கு தங்கிவிடுகிறது. பச்சரிசியைத் தீட்டினால் தவிட்டோடு போய்விடுகிறது. வீட்டில் குத்திய பச்சரிசியில் தவிடு மிஞ்சும். வெள்ளையாக்கியே தீரும் ஆலைதான் அதையும் பறித்தது.

நம் ஊரில் இந்த இரண்டு அரிசிக்கும் சாதி உண்டு. பச்சரிசி பூசைக்கும் ஆசாரத்துக்கும். யார் வீட்டுப் பானையிலோ ஒருமுறை வெந்துவிட்ட புழுங்கலரிசி ஆசாரக்காரர்களுக்கு ஆகாது. தீட்டு என்று தள்ளப்பட்ட அரிசியில்தான் உயிர்ச்சத்து தங்கியிருந்தது.

இதை வைத்து 'முன்னோர் எல்லாம் அறிந்தவர்கள்' என்று பெருமை பேச நான் தயாராக இல்லை. தோட்டக் கூலிக்குத் தன் தட்டைத் தேர்ந்தெடுக்கும் உரிமையே இல்லை. நம் பாட்டிகள் ஒருவேளை மட்டும் தின்று கிடந்ததற்குப் பெயர் பசி. அதையே இன்று 'இன்டர்மிட்டன்ட் ஃபாஸ்டிங்' என்று காசு வாங்கிக்கொண்டு கற்றுக்கொடுக்கிறார்கள்.

இன்றும் மாட்டிறைச்சி, கருவாடு, முட்டை என்றால் 'தாமசம்' என்று முகம் சுளிக்கிறார்கள். பி12, இரும்பு, புரதம் ஆகியவை நம் மக்களுக்கு மலிவாகக் கிடைக்கும் வழி அதுதான். விலங்குணவு முழுவதையும் விட்டு, பி12 மாத்திரையும் எடுக்காமல் இருந்தால் இரத்தசோகை வரும், நரம்பு பாதிக்கப்படும். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் கீட்டோவிலோ பட்டினியிலோ இறங்கினால் உயிருக்கே ஆபத்து. சிறுநீரக நோய் இருப்பவர்களுக்கும் அப்படித்தான்.

அடுத்தமுறை யாராவது ஓர் உணவை 'தூய்மையானது' என்று நீட்டினால், அதில் என்ன சத்து இருக்கிறது, எது இல்லை என்று கேளுங்கள். அதற்குப் பதில் சொல்லாமல் உயர்வு தாழ்வு பேசினால் தட்டை நகர்த்தி வையுங்கள்.