கேளாச் செவியும் தோட்ட மருந்துச்சாலையும்

செவிட்டுத்தன்மை யாவும் ஓரினத்தன அல்ல. உட்செவியும் நரம்பும் பழுதுறுவதால் வருவது ஒன்று. ஒலி உட்செவியைச் சென்றடையும் வழி தடைப்படுவதால் வருவது மற்றொன்று. பின்னதே கடத்தற் செவிட்டுத்தன்மை எனப்படும். செவிப்பறை துளைபடினும், சம்மட்டியுரு, பட்டடையுரு, ஏந்தியுரு என்னும் சிற்றெலும்புகள் அரிக்கப்படினும், இறுகினும், பிறப்பிலேயே குறையுற்றிருப்பினும் இது நேரும். அறுவைச் சிகிச்சையாற் பெரும்பாலும் திருத்தத்தக்கது என்பதே இதன் தனியியல்பு. இத்திருத்தத்துக்கும் சப்பிரகமுவத் தோட்டங்களுக்கும் இடையிலிருந்த தொலைவை ஈண்டு நோக்குவோம்.

1870களில் ஜேர்மானியரான கெசல் ஏந்தியுருவை அசைத்தும் அகற்றியும் பார்த்தார். நுண்ணுயிர்க்கொல்லி மருந்தும் தக்க உருப்பெருக்கியும் இல்லாத காலமாதலின், 1900 அளவில் ஐரோப்பிய மருத்துவர் அம்முயற்சியைக் கண்டித்துக் கைவிட்டனர். 1938இல் நியூயோர்க்கில் லெம்பேட் ஏந்தியுருவைத் தொடாமலே உட்செவிச் சுவரிற் புதுச் சாளரம் திறந்தார். அந்நகரிலேயே 1952இல் றோசன் ஏந்தியுருவின் இறுக்கத்தைச் சோதித்தவேளை, அது நெகிழ்ந்து, நோயாளி அக்கணமே கேட்கலானார். 1956இல் ஜோன் ஷியா அவ்வெலும்பை அகற்றிச் செயற்கை உறுப்பொன்றைப் பொருத்தினார். 1950களின் தொடக்கத்தில் ஜேர்மனியின் வுல்ஸ்டைன், சோல்னர் ஆகியோர் சீழ் வடியும் செவியின் பறையைப் புதுக்கும் முறையை ஒழுங்குபடுத்தினர்.

இனி இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டங்களைக் காண்போம். 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச்சட்டம், லயங்களைச் சுகாதார நிலையிற் பேணுவதையும், நோயுற்ற தொழிலாளரை மருத்துவமனைக்கு அனுப்புவதையும் தோட்டத்துரையின் கடமையாக்கியது. ஆயின் செவிடு உயிர் போக்கும் நோயன்று. ஆளைப் படுக்கையில் வீழ்த்துவதுமன்று. கைகள் வேலை செய்யும்வரை அது நோயாக எண்ணப்படுவது அரிது.

எனினும் தோட்டத்தின் நாளை ஒலியே ஆண்டது. விடியலில் தப்பொலி துயிலெழுப்பியது. பிரட்டுக்களத்திற் கங்காணியின் குரல் ஆளை மலைக்கு அனுப்பியது. ஏவல் கேளாதவர்க்கு முழுப்பேர் அரைப்பேராகும் அச்சம் உண்டு. கேளாத பிள்ளை 'மந்தம்' எனப் பெயர் பெற்றுப் பள்ளியிலிருந்து நின்றுவிடும்.

இங்கு ஒன்று சிந்திக்கற்பாலது. இருவகைச் செவிட்டையும் பிரித்தறிய, 1855இல் ரின்னே விளக்கிய எளிய சோதனையே முதற்படியாக உதவும். அதிரும் இசைக்கவையைக் காதின் பின்னெலும்பிலும் காதின் முன்னும் மாறிமாறிப் பிடித்தல் வேண்டும். எலும்பிற் கேட்பது மிகுமாயின், குறை கடத்தும் வழியில் உள்ளது எனக் கொள்ளலாம். ஆனால் 'எங்கே மிகுதியாகக் கேட்கிறது?' என்னும் வினா நோயாளியின் மொழியிற் கேட்கப்படல் வேண்டும். சிங்களமே பெருவழக்காயுள்ள மாகாணத்தில், தமிழ்த் தொழிலாளி அவ்வினாவை விளங்காது விழிப்பின், மொழி விளங்காமையும் செவிடாகவே பதியப்படும் அன்றோ?

நுணுக்குக்காட்டியும் தேர்ந்த கையும் வேண்டும் அறுவை நகர மருத்துவமனைக்கு உரியது, அதில் வியப்பில்லை. யாரை அங்கு அனுப்புவது என்று தெரிவதே முதற்பணி. அதற்கு வேண்டுவன ஓர் இசைக்கவையும், தமிழில் வினவும் ஒருவருமே. திருத்தத்தக்க செவியைத் திருத்தமுடியாததென ஒதுக்கும் இழப்பு, தோட்ட மருந்துச்சாலையின் வாயிலிலேயே தடுக்கப்படக்கூடியது என்பதே நம் முடிபு.