குறட்டையும் இறங்க மறுக்கும் குருதி அமுக்கமும்

மூன்று வகை மாத்திரைகளை ஒழுங்காக எடுத்தும் பிரஷர் இறங்காத ஒருவர் கிளினிக்கிற்கு வந்தால், நான்காவது மாத்திரையை எழுத முன்னர் குறட்டையைப் பற்றி விசாரிப்பேன். பெரும்பாலும் பதில் சொல்வது நோயாளி அல்ல, கூட வந்த மனைவிதான். "குறட்டை பரவாயில்லை டொக்டர், இடையில மூச்சு நிண்டுபோகுது. அதுதான் பயமாக் கிடக்கு" என்பார்.

'ஸ்லீப் அப்னியா' எனப்படும் உறக்க மூச்சுத்தடை இதுதான். உறங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்வது எல்லோருக்கும் இயல்பு. சிலருக்கு அந்தத் தளர்வில் மூச்சு வழியே மூடிக்கொள்கிறது. குறைந்தது 10 செக்கன்கள் மூச்சு நின்றால் அதை ஒரு தடையாகக் கணக்கெடுப்போம். மூச்சு பாதியாகக் குறுகும் தடவைகளையும் சேர்த்து, மணித்தியாலத்துக்கு 30 அல்லது அதற்கு மேல் என்றால் நோய் கடுமையானது.

மூச்சு நின்றதும் குருதியில் ஒட்சிசன் குறைகிறது, காபனீரொட்சைட்டு கூடுகிறது. கழுத்து நாடிகள் கிளைவிடும் இடத்தில் அரிசிமணி அளவில் இருக்கும் உணரிகள் இதை மூளைக்கு அறிவிக்கின்றன. உடனே பரிவு நரம்புத்தொகுதி முடுக்கிவிடப்படுகிறது. நாய் துரத்தும்போது நெஞ்சைப் படபடக்க வைப்பதும் இதே தொகுதிதான். குருதிக்குழாய்கள் சுருங்குகின்றன. மூளை அரைகுறையாக விழித்து, மூச்சு மீண்டும் வரும் கணத்தில் அமுக்கம் உச்சத்துக்கு எகிறுகிறது. காலையில் இவை எதுவும் அவருக்கு நினைவிருக்காது.

இரவில் நடப்பது பகலில் ஏன் தொடர வேண்டும்? அமெரிக்காவின் அயோவாவில் வீரேந்த் சோமர்ஸ் குழுவினர் நோயாளிகளின் கால் நரம்பொன்றில் நுண்ணிய மின்முனையைச் செருகிப் பரிவு நரம்புகளின் துடிப்பை நேரடியாகப் பதிவுசெய்தனர். 1995இல் வெளியான அந்த ஆய்வில், விழித்திருக்கும்போதும் அந்தத் துடிப்பு மற்றவர்களைவிட அதிகமாகவே இருந்தது. சுகமான ஒருவரின் குருதி அமுக்கம் இரவில் 10 முதல் 20 வீதம் வரை இறங்கும். இவர்களில் பலருக்கு அந்த இறக்கமே கிடையாது. விஸ்கொன்சினில் நடந்து 2000இல் வெளியான தொடர் ஆய்வும், மணித்தியாலத்துக்கு 15 தடைகளுக்குக் குறையாதவர்களுக்கு நான்கு வருடங்களில் உயர் குருதி அமுக்கம் இருப்பதற்கான வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்கு எனக் கண்டது.

1981இல் சிட்னியில் கொலின் சலிவன் அறிமுகப்படுத்திய 'சீபாப்' இயந்திரம், மூக்கில் மாட்டும் முகமூடியூடாகக் காற்றைச் செலுத்தித் தொண்டையைத் திறந்தே வைத்திருக்கிறது. அதைப் போட்டால் பிரஷர் மாத்திரையை விட்டுவிடலாம் என்று நினைப்பவர்களும் உண்டு. அது பிழை. சராசரியாகக் குறைவது 2, 3 புள்ளிகள்தான். மாத்திரைகளுக்கு அடங்காதவர்களிடம் பலன் சற்றுக் கூடுதல், அதுவும் இரவு முழுக்கப் போட்டால்தான். விலை கூடியது, போட்டுக்கொண்டு தூங்குவதும் எளிதல்ல. ஆனால் பகல் தூக்கம் தெளிவது மட்டும் சீக்கிரமே தெரியும். வாகனம் ஓட்டுபவர்களுக்கு அதையே நான் முதலில் சொல்வேன்.

உடம்பு பெருத்தவர்கள் எடையைக் குறைத்தால் தடைகளும் குறையும். மதுவும் சில தூக்க மாத்திரைகளும் தொண்டையை மேலும் தளர்த்திவிடும். குறட்டைக்காரர் "சரியான நித்திரையில்லை" என்று தூக்க மாத்திரை கேட்டு வந்தால், மூச்சு நிற்கிறதா என்று வீட்டாரிடம் விசாரித்த பிறகே எழுதுவேன்.