நாளந்தாவுக்கு மொழி படிக்க வந்த அயல்நாட்டு மாணவர்கள்

வெளிநாடு போய் மேல்படிப்புப் படிப்பது நம் சங்கத்துக் குடும்பங்களுக்குப் புதிய செய்தி அல்ல. கணினி என்றால் சரி, மருத்துவம் என்றால் சரி, நிர்வாகம் என்றாலும் சரி. கடன் வாங்கியாவது அனுப்பி வைப்பார்கள். ஆனால் சென்ற ஆண்டு நம் உறுப்பினர் ஒருவரின் பேத்திக்கு மொழியியலும் கருத்தாடலும் படிக்க இங்கிலாந்தில் இடம் கிடைத்தபோது வீட்டில் பெரிய விவாதம். மனிதர்கள் பேச்சாலும் எழுத்தாலும் எப்படிப் பொருளை உண்டாக்குகிறார்கள், எப்படி ஒருவரை ஒருவர் இணங்க வைக்கிறார்கள் என்று ஆராயும் முதுகலைப் படிப்பு அது. "மொழியைப் படிக்கறதுக்குக் கடல் தாண்டிப் போகணுமா நயினாரே?" என்று பாட்டனார் என்னிடம் கேட்டார்.

அடியேன் படாபஜாரில் பாக்கு, ஜாதிக்காய், கற்பூரம் மொத்த வியாபாரம் செய்பவன். கல்லூரிப் படி ஏறியதில்லை. கடை சாத்திய பிறகு படித்ததுதான் என் படிப்பு. ஆனாலும் அவர் கேள்விக்கு வரலாற்றில் நல்ல விடை இருக்கிறது. 1,300 ஆண்டுகளுக்கு முன்பே மொழியையும் வாதத்தையும் மட்டுமே நம்பிக் கடலும் மலையும் தாண்டி மாணவர்கள் வந்திருக்கிறார்கள். எங்கே? நாம் பிழைக்க வந்திருக்கும் இந்தக் கிழக்குச் சீமைக்குத்தான்.

கப்பலேறிய மாணவர்

சீனத் துறவி இத்சிங் கி.பி. 671ஆம் ஆண்டின் கடைசியில் குவாங்சோவிலிருந்து பாரசீக வணிகக் கப்பல் ஒன்றில் ஏறினார். இருபது நாளுக்குள் சுமத்ராவின் ஸ்ரீவிஜயத்தை அடைந்தார். அங்கே ஆறு மாதம் தங்கி அவர் செய்த வேலை ஒன்றே ஒன்று: சப்தவித்தை, அதாவது சம்ஸ்கிருத இலக்கணம் படித்தது. பிறகு மலாயு, கடாரம், நிக்கோபார் வழியாக 673இல் தாமிரலிப்தித் துறைக்கு வந்து இறங்கினார். அது வேறு எதுவும் இல்லை, இன்றைய தம்லுக். நம் கொல்கத்தாவிலிருந்து காலையில் ரயிலேறினால் மாலைக்குள் பார்த்துத் திரும்பலாம்.

அங்கே மூத்த சீனத் துறவி ஒருவர் பன்னிரண்டு ஆண்டுகள் தங்கி மொழியில் தேர்ந்திருந்தார். அவரோடு ஓராண்டு இருந்து பேச்சு மொழியையும் இலக்கணத்தையும் இத்சிங் மேலும் பழகிக்கொண்டார். அதன் பிறகே வணிகர் கூட்டத்தோடு நாளந்தாப் பக்கம் புறப்பட்டார். வழியில் நோய் கண்டது. வணிகர் கூட்டம் முன்னே போய்விட்டது. தனியே சிக்கிய அவரைக் கள்ளர்கள் உடுத்திய துணி வரை பறித்துக்கொண்டார்கள். உடம்பில் சேற்றைப் பூசி, இலையால் மறைத்துக்கொண்டு நடந்ததாக அவரே எழுதுகிறார். இலக்கணம் படிக்க வந்தவர் பட்ட பாடு இது! சும்மாவா வந்தார்கள்?

இதில் நம் பிள்ளைகளுக்கு ஒரு பாடம் உண்டு. இந்தியா வரும் சீனத் துறவிகள் முதலில் ஸ்ரீவிஜயத்தில் ஓரிரு ஆண்டு தங்கிப் பழகிவிட்டு வருவது நல்லது என்று இத்சிங் பின்னால் அறிவுரை எழுதி வைத்தார். அங்கே ஆயிரத்துக்கு மேற்பட்ட துறவிகள் இருந்தார்களாம். இன்று வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் பாடம் தொடங்குமுன் சில வாரம் மொழிப் பயிற்சி வகுப்பு வைக்கின்றனவே, அதன் மூதாதை இது என்று சொல்லலாம்.

வாசலிலேயே தேர்வு

நாளந்தா எழுத்தறிவிக்கும் பள்ளி அல்ல. ஏற்கெனவே படித்தவர்கள் வந்து சேரும் இடம். இத்சிங்குக்கு முன்னால், 629 வாக்கில் சீனாவை விட்டுப் புறப்பட்டு 645இல் திரும்பிய யுவான் சுவாங் அதன் வாசலைப் பற்றி எழுதியிருக்கிறார். விவாதத்தில் கலந்துகொள்ள வெளியிலிருந்து வருபவரிடம் வாயிற்காவலரே கடினமான வினாக்களைத் தொடுப்பார். விடை தெரியாமல் திரும்பிப் போகிறவர்கள் பத்துக்கு ஏழெட்டுப் பேர். இன்று விசாவுக்கும் மொழித் தேர்வுக்கும் நடுங்குகிற பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிப் பாருங்கள், கொஞ்சம் தெம்பு வரும்.

பாடத்திட்டத்தை இத்சிங் கணக்குப் புத்தகம் போலவே எழுதி வைத்திருக்கிறார். ஆறு வயதில் எழுத்து. ஆறு மாதத்தில் முடியும். எட்டு வயதில் பாணினி சூத்திரம்; எட்டு மாதம். பிறகு தாதுக்கள். பத்து வயதில் தொடங்கி மூன்றாண்டு துணை நூல்கள். பதினைந்து வயதில் சூத்திரத்துக்கான விருத்தியுரை, 18,000 சுலோக அளவு, ஐந்தாண்டு. இதைப் படிக்காமல் வேறு எதைத் தொட்டாலும் சீன மாணவனின் உழைப்பு வீண் என்பது அவர் தீர்ப்பு. அதற்கும் மேலே பதஞ்சலியின் மாபாடியம் 24,000 சுலோகம், மூன்றாண்டு. அதன் பின் பர்த்ருஹரி. இடையில் உரைநடையும் செய்யுளும் எழுதப் பழகி, ஏதுவித்தை என்ற தருக்கத்தைக் கற்று, நாளந்தாவிலோ குஜராத்தின் வலபியிலோ இரண்டு மூன்றாண்டு தங்கித் தேறுவார்கள்.

பர்த்ருஹரியின் வாக்கியபதீயம்தான் இந்தப் படிப்பின் சிகரம். தனிச்சொல்லில் பொருள் நிற்பதில்லை, முழு வாக்கியத்தில்தான் நிற்கிறது என்பது அவர் கொள்கை. கருத்தாடல் ஆய்வு என்று இன்று சொல்லப்படுவது இன்னும் ஒரு படி மேலே போய், வாக்கியத்துக்கு வெளியே யார், யாரிடம், எந்த இடத்தில் சொன்னார் என்பதையும் பார்க்கிறது. ஆனால் முதல் படி இங்கே போடப்பட்டுவிட்டது. ஒன்று சொல்ல வேண்டும். பர்த்ருஹரி இறந்து நாற்பது ஆண்டுதான் ஆகிறது என்று இத்சிங் எழுதியதை அப்படியே கொள்வதற்கில்லை. திங்நாகரே பர்த்ருஹரியை எடுத்தாள்வதால் அவர் ஐந்தாம் நூற்றாண்டினர் என்பதே இன்றைய அறிஞர் முடிவு. நேரில் வந்தவர் எழுதியதையும் நிறுத்துப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

தோற்றவனிடம் பாடம்

வாதம் எப்படி நடந்தது? ஒருவர் நாற்பது கொள்கைகளை எழுதி நாளந்தா வாசலில் தொங்கவிட்டு, "ஒன்றை மறுத்தாலும் என் தலையைத் தருகிறேன்" என்றாராம். யுவான் சுவாங் வென்றார், தலையைக் கேட்கவில்லை. அதோடு கதை முடியவில்லை. தாம் மறுக்க வேண்டியிருந்த ஒரு நூலைத் தோற்றவர் நன்கு அறிந்தவர் என்று தெரிந்ததும், அவரிடமே பாடம் சொல்லக் கேட்டார். 'தோற்றவனிடம் படித்தான் என்று உங்களைப் பழிப்பார்களே' என்று அவர் தயங்கியதால், இரவில் பாடம் நடந்தது. முடிந்ததும் அவரை விடுதலை செய்து அனுப்பினார். எதிராளியின் சொல்லை முழுதாகக் கேட்காமல் மறுக்கக்கூடாது என்பதுதான் அந்தப் படிப்பின் சாரம் என்று எனக்குத் தோன்றுகிறது.

இதில் தமிழுக்கும் பங்கு உண்டு. யுவான் சுவாங்கின் ஆசிரியர் சீலபத்திரர். சீலபத்திரரின் ஆசிரியர் தருமபாலர், நம் காஞ்சிபுரத்துக்காரர். 640 வாக்கில் யுவான் சுவாங் காஞ்சிக்கே வந்து பார்த்தார். நூற்றுக்கும் மேற்பட்ட பௌத்தப் பள்ளிகளோடு, நிகண்டர்களான எங்கள் சமண முன்னோரும் அங்கே ஏராளம் என்று குறித்திருக்கிறார். ஊர் திரும்பியபின் 647இல் 'நியாயப் பிரவேசம்' என்ற தருக்க நூலைச் சீனத்தில் பெயர்த்தார். அந்த நூலின் செய்தி ஏறத்தாழ அப்படியே நம் மணிமேகலையின் இருபத்தொன்பதாம் காதையில் இருக்கிறது. அங்கும் இடம் காஞ்சிதான். ஒரே பாடத்தைச் சாங்ஆனில் சீனத்திலும் காஞ்சியில் தமிழிலும் படித்திருக்கிறார்கள்.

செலவு யாருடையது?

வியாபாரிக்கு அடுத்து வரும் கேள்வி இதுதானே! யுவான் சுவாங் காலத்தில் நூறு ஊர்களின் வருவாய் நாளந்தாவுக்கு விடப்பட்டிருந்தது. இத்சிங் காலத்தில் அது இருநூறுக்கு மேல். யுவான் சுவாங்குக்குக் கிடைத்த நாள்படியின் பட்டியலை அவர் வாழ்க்கை வரலாறு தருகிறது: எலுமிச்சை வகைப் பழம் 120, பாக்கு 20, ஜாதிக்காய் 20, கற்பூரம் ஒரு பலம் போல, பெரிய மணியுள்ள மகாசாலி அரிசி ஒரு படி போல. இதைப் படித்தபோது என் கடைச் சரக்கை யாரோ எழுதியது போல இருந்தது. கற்பூரமும் ஜாதிக்காயும் கடலுக்கு அப்பாலிருந்து வணிகர் கொண்டுவந்தவை. மாணவரும் அதே கப்பலில்தான் வந்தார்.

சோறு கிடைத்தாலும் ஒரு குறை இருந்தது. மற்ற நாட்டாருக்கெல்லாம் இந்தியாவில் தங்கள் துறவிகள் தங்க மடங்கள் உண்டு, சீனத்தாருக்கு மட்டும் ஒன்று கூட இல்லை, அதனால்தான் இத்தனை துன்பம் என்று இத்சிங் மனம் நொந்து எழுதுகிறார். முன்னொரு காலத்தில் ஸ்ரீகுப்தர் என்ற அரசர் சீனத் துறவிகளுக்காகக் கட்டிய கோயிலில் அவர் நாளில் அடித்தளம் மட்டுமே மிஞ்சியிருந்தது.

சுவர்ணத்தீவு அரசன் பாலபுத்திரதேவன் இதைப் புரிந்து நடந்தான். ஒன்பதாம் நூற்றாண்டில் அவன் நாளந்தாவில் ஒரு விகாரம் கட்ட, வங்கத்துத் தேவபாலன் ஐந்து ஊர்களை அதற்கு விட்டான். உணவு, உடை, படுக்கை, மருந்து, சுவடி எழுதுதல், பழுது பார்த்தல் ஆகியவற்றுக்கு என்று 1921இல் அங்கு கிடைத்த செப்பேடு சொல்கிறது. நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிஜய அரசர் எழுப்பிய சூடாமணி விகாரத்துக்கு இராசராசன் ஆனைமங்கலத்தை விட்டதும் இதே முறைதான்.

படித்ததன் பயன்

யுவான் சுவாங் 657 நூல்களைக் கொண்டுபோய் 75ஐ மொழிபெயர்த்தார். இத்சிங் நாளந்தாவில் பத்தாண்டு படித்து, சுமார் 400 நூல்களோடு ஸ்ரீவிஜயம் திரும்பினார். அங்கிருந்து மையும் தாளும் எழுத்தரும் கேட்டுச் சீனாவுக்குக் கடிதம் கொடுக்க 689இல் கப்பலேறியவரை, காற்று வாய்க்கவே கப்பல் அப்படியே குவாங்சோவுக்குக் கொண்டுபோய்விட்டது! சுவடிகள் இங்கே, ஆள் அங்கே. அதே ஆண்டு உதவியாளர்களோடு திரும்பி வந்து வேலையைத் தொடர்ந்தார். 695இல் லோயாங் சேர்ந்தபோது பேரரசி வூ நேரில் வந்து வரவேற்றாள். நாளந்தாவின் அன்றாட வாழ்வையும் பாடமுறையையும் இவ்வளவு விரிவாக நமக்குச் சொல்பவர்கள் இந்த அயல் மாணவர்களே.

ஆக, பாட்டனாருக்கு நான் சொன்ன பதில் இது: மொழி படித்தவரின் ஊதியம் உடனே கணக்கில் ஏறாது, ஆனால் இரண்டு நாடுகளுக்கு நடுவே நிற்க அவரால்தான் முடியும். வெளிமாநிலத்தில் இரண்டு மூன்று மொழிகளுக்கு நடுவே வளரும் நம் குழந்தைகளைவிட இந்தப் படிப்புக்குத் தகுதியானவர் யார்? வீட்டில் தமிழ், தெருவில் வங்காளி, கடையில் இந்தி, பள்ளியில் ஆங்கிலம். எந்த இடத்தில் எதைப் பேசுவது என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லையே. அந்தப் பெண் செப்டம்பரில் கிளம்பினாள். பாட்டனாரே விமான நிலையம் போய் வழியனுப்பினார்.

சங்கத்துப் பெரியோருக்கும் ஒரு விண்ணப்பம். தமிழ்நாட்டிலிருந்து இந்நகருக்கு ஆய்வு செய்ய வரும் மாணவரும் உண்டு, தமிழ் கற்க விரும்பும் வங்காளிப் பிள்ளைகளும் உண்டு. நம் கட்டடத்தில் இரண்டு அறை ஒதுக்கி, படுக்கையும் ஒரு வேளைச் சோறும் கொடுத்தால் போதும். ஐந்து ஊர் விட நாம் தேவபாலர் அல்ல. ஆனால் ஆளுக்கு ஒரு மூட்டை அரிசி விடலாம். முதல் மூட்டையும், கூடவே இருபது பாக்கும், என் கடையிலிருந்து வரும்.