நாடோடியும் பிள்ளையும்: சப்ளினின் படமொன்றும் வட்டவளை லயங்களும்

1921ஆம் ஆண்டு சனவரியில் நியூயோர்க்கில் முதன்முறையாகக் காட்டப்பெற்ற 'த கிட்', சார்ளி சப்ளின் தாமே இயக்கிய முதலாவது முழுநீளப் படமாகும். கதை எளியது. மணமாகாத தாயொருத்தி தன் சிசுவைச் செல்வரின் மோட்டார் வண்டியில் விட்டுச் செல்கிறாள். வண்டியைத் திருடியோர் அதனைச் சேரித் தெருவிலே போட்டுவிடுகின்றனர். அவ்வழியே வரும் நாடோடியின் கையில் அது சிக்கிக்கொள்கிறது. அவன் முதலிற் செய்வது அதனைப் பிறர் தலையிற் கட்ட முயல்வதே. பிறிதொருத்தியின் தள்ளுவண்டி, வழியில் வந்த கிழவன் என முயன்று தோற்று, ஈற்றில் சாக்கடை மூடியைத் தூக்கிப் பார்த்து ஒரு கணம் தயங்குகிறான். பொறுப்பற்ற ஆண்மகன் எதிர்பாராது தகப்பனாகும் வேடிக்கைக் கதைகள் பின்னர் எத்தனையோ வந்துள்ளன. இச்சாக்கடைக் காட்சியின் துணிவு அவற்றுள் இல்லை.

1889இல் பிறந்த சப்ளின், ஏழு வயதில், 1896இல், தாயுடன் இலண்டன் லம்பெத் வறியோர் இல்லத்துள் புகுந்தவர். அங்கிருந்து ஹான்வெல் அநாதைப் பள்ளிக்கு அனுப்பப்பட்டவர். 1919இல் அவரது முதற்குழந்தை பிறந்து மூன்றாம் நாள் இறந்தது. சொந்தச் சோகமே கலையாயிற்று என்று கூறி அமைதல் எளிது. ஆயின் தாயையும் பிள்ளையையும் வேறுவேறு கூடங்களில் அடைத்த அவ்வில்லம், 1834ஆம் ஆண்டின் வறியோர் சட்டம் வகுத்த ஒழுங்கு என்பதை மறத்தலாகாது. படத்திலும் அரசு கொடுப்பதற்கு ஒருபோதும் வருவதில்லை, பறிப்பதற்கே வருகிறது. பிள்ளை நோயுற்றதும் வைத்தியர் வருகிறார். அவரைத் தொடர்ந்து லொறியுடன் அநாதை விடுதி அதிகாரிகள் வருகின்றனர்.

நகைச்சுவை எங்கே பிறக்கிறது? காப்பிப் பாத்திரம் பாற்போத்தலாகிறது. ஓட்டையிட்ட நாற்காலி பிள்ளையின் மலகூடமாகிறது. பிள்ளை வளர்த்தல் உழைப்பு என்பதும், அதற்குக் கருவிகள் வேண்டும் என்பதும், இல்லாதவன் வீட்டில் அவை இல்லாமையாலேயே கண்ணுக்குத் தெரிகின்றன. (மகன் கல்லெறிந்து கண்ணாடியை உடைக்க, தகப்பன் புதுக்கண்ணாடி பொருத்திக் காசு வாங்குவது தனி வேடிக்கை. தேவையைத் தானே உண்டாக்கித் தானே நிறைவேற்றும் வணிகத்தின் சிறுபிரதி அது.) 1987இல் வந்த அமெரிக்கப் படமாகிய 'த்ரீ மென் அண்ட் எ பேபி'யில் வசதியான பிரமச்சாரிகளின் ஓய்வைத்தான் குழந்தை குலைக்கிறது. நாடோடிக்கோ அது சோற்றுப் பிரச்சினை.

ஹற்றனுக்கு அணித்தாக, மழை ஓயாத வட்டவளைப் பகுதித் தோட்டங்களில் நின்று இப்படத்தை நோக்குமிடத்து அதன் பொருள் வேறாகிறது. கொழுந்தெடுக்கச் செல்லும் தாய் விடியலிலே பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுச் செல்வாள். அக்காம்பரா துரைமாரின் கருணையாற் பிறந்ததன்று. அவளுடைய இரு விரல்களும் மலையிலே தேவைப்பட்டமையாற் பிறந்தது. 1984 வரை அவள் ஆணினும் குறைந்த நாட்சம்பளமே பெற்றாள். எழுபதுகளின் இறுதியிலிருந்து இலங்கைப் பெண்கள் வீட்டுப் பணியாளராக மத்திய கிழக்குக்குச் செல்லத் தொடங்கினர். காலப்போக்கில் தோட்டத்துத் தாய்மாரும் சென்றனர். அவர்கள் விட்டுச்சென்ற பிள்ளைகளைப் பாட்டிமாரும், பாட்டியில்லாத காம்பராக்களில் தகப்பன்மாரும் வளர்க்கலாயினர். இத்தகப்பன்மாரைப் பற்றி எமது இலக்கியம் அதிகம் பேசவில்லை. தாலாட்டுக்களில்கூட ஆண்மகன் சீர் கொண்டுவரும் மாமனாகவே தோன்றுகிறான். பிள்ளையைக் கழுவித் துடைப்பவனாக அல்லன்.

வட்டவளையில் லயக் காம்பரா ஒன்றில் அயலவர் சிலருடன் இப்படத்தை நாம் பார்த்தோம். லொறியில் நின்று பிள்ளை கையேந்திக் கதறும் காட்சியிற் பெண்கள் பேச்சடங்கினர். அதற்கு முன், காப்பிப் பாத்திரத்திற் பாலூட்டும் காட்சிக்கு எல்லோரும் சிரித்தபோது, மனைவியை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு இரு பிள்ளைகளை வளர்க்கும் ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. எம் பக்கம் திரும்பி, "மூக்கு இன்னும் ஒடுக்கமா இருக்கணுங்க சார். இல்லாட்டிப் புள்ளைக்குப் புரையேறிப்போகும்" என்றார்.