கொல்லிமலையில் ஜெஸ்ஸி பிராண்ட்: ஒரு மரணமும் அதன்பின் வந்த நாற்பத்தைந்து ஆண்டுகளும்

தமிழகத்தில் மறைசாட்சி என்றதும் 1693-இல் ஓரியூரில் தலை வெட்டப்பட்ட அருளானந்தரே நினைவுக்கு வருவார். கொல்லிமலையின் வாழவந்தியில் 1929 ஜூன் மாதம், 44-ஆம் வயதில் இறந்த ஜெஸ்ஸி மான் பிராண்டை எந்த அரசும் தண்டிக்கவில்லை. மலேரியா முற்றி, சிறுநீர் கறுத்துப்போகும் காய்ச்சலே அவரைக் கொண்டுபோனது. அவர் வரலாறு பெரும்பாலும் அந்த மரணத்தை நோக்கியே சொல்லப்படுகிறது. மரணத்துக்கு முன்னும் பின்னும் நடந்தவற்றுக்கே அதிக இடம் தர வேண்டும் என்பது என் துணிபு.

இங்கிலாந்தின் கில்ட்ஃபோர்டில் பிறந்த ஜெஸ்ஸி, ஸ்டிரிக்ட் பாப்டிஸ்ட் மிஷன் சார்பில் 1907-இல் தமிழகம் வந்தார். மலையடிவாரச் சேந்தமங்கலம் அவருடைய தொடக்கத் தளம். மேலே வாழ்ந்த மலையாளிப் பழங்குடியினரிடம் போகச் சமவெளியார் அஞ்சினர். மலைக்காய்ச்சலின் பெயர் அப்படி. 1913-இல் ஈவ்லின் ஹாரிஸை மணந்த கையோடு, இருவரும் வாழவந்தியில் குடியேறினர். வீட்டுக்கான மரச்சட்டங்கள் கீழிருந்து தலைச்சுமையாக மேலேறின. மூத்த மகன் பால் அடுத்த ஆண்டு பிறந்தான்.

போதனைக்கு முதலில் பலன் இல்லை. கோயில் பூசாரியின் எதிர்ப்பு வலுவாக இருந்தது. ஆண்டுகள் கடந்தும் ஒருவரும் சமயம் மாறவில்லை. ஆனால் மருந்துக்கு மட்டும் ஆட்கள் வந்தார்கள். லிவிங்ஸ்டன் கல்லூரியில் கற்ற வெப்பமண்டல மருத்துவத்தோடு, பல் பிடுங்குவதும் புண் கட்டுவதும் ஜெஸ்ஸிக்கு அன்றாட வேலையாயிற்று.

இவற்றுள் நரம்புச் சிலந்திப் புழுநோய்க்கு எதிரான பணியே ஆய்வாளர் கூர்ந்து பார்க்க வேண்டியது. புழு வெளிவரும் காலோடு ஒருவர் கிணற்றுப் படியில் இறங்கினால், குஞ்சுகள் நீரில் கலக்கும். அங்குள்ள நுண்ணிய நீர்ப்பூச்சிகள் அவற்றை விழுங்கும். அந்நீரைக் குடித்தவர் காலில் ஓராண்டு கழித்துப் புழு தலைகாட்டும். ஜெஸ்ஸி அதைக் குச்சியில் சுற்றி, அறுந்துவிடாதபடி நாள்தோறும் சிறிது சிறிதாக இழுத்தெடுத்தார். அத்தோடு விடாமல், கால் நனையாதபடி கல்சுவர் எழுப்பிய கிணறுகளையும் வலியுறுத்தினார். நோயாளியிலிருந்து நீர்நிலைக்குப் பார்வை நகர்ந்த இந்த இடத்தில்தான் மிஷன் பணி பொதுச் சுகாதாரமாகிறது. தச்சு வேலை கற்பித்ததும், மலைமக்களின் நிலவரிச் சுமைக்காக அரசிடம் முறையிட்டதும் அதே போக்கின் தொடர்ச்சி.

முதல் உலகப் போரின் முடிவில் வந்த இன்ஃபுளுவென்சா மலையையும் தாக்கியது. நோயுற்றவர்களை உற்றாரே விட்டு ஓடியபோது பிராண்ட் தம்பதியர் கஞ்சி காய்ச்சி வீடு வீடாக ஊட்டினர். நோயில் விழுந்த அந்தப் பூசாரி, இறக்கும் முன் தம் பெண் குழந்தையை அவர்களிடமே ஒப்படைத்தார். ரூத் என்று பெயரிட்டு வளர்த்தார்கள். மக்கள் திருச்சபையை நோக்கி வரத் தொடங்கியது அதன்பிறகே. எதிராளியின் மகளை ஏற்ற கைகளை மலை நம்பியது. இந்த வரலாற்றின் திருப்பம் இதுவே, 1929 அல்ல.

கணவரை வாழவந்தியில் அடக்கம் செய்த ஈவ்லினுக்கு அப்போது ஐம்பது வயது. இங்கிலாந்து போய் மீண்டும் வந்தார். 1947-இல் மிஷன் ஓய்வு தந்த பிறகும் தாமாகவே மலைக்குச் சென்றார். கல்வராயன் மலை வரை அவர் பணி நீண்டது. குதிரையிலும், பிற்காலத்தில் மூங்கில் கழிகளை ஊன்றியும் ஊர் ஊராகப் போனார். நரம்புச் சிலந்தியை ஒழிக்கும் வேலையைக் கணவர் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். 1974 டிசம்பரில், 95-ஆம் வயதில் இறக்கும்வரை மலைமக்கள் பணியை அவர் கைவிடவில்லை. மகன் பால் பிராண்ட் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளிகளின் முடங்கிய கைகளுக்குத் தசைநாண் மாற்று அறுவையை வளர்த்தெடுத்து உலகப் புகழ் பெற்றார். நரம்புச் சிலந்தி இந்தியாவிலிருந்து ஒழிந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் 2000-இல் சான்றளித்தது.